விமானமேறி வந்த கடிதவுறைகள்

இரத்தோட்டையிலிருந்து மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் எம் மேசைக்கு வந்தது. அவருடைய பூட்டனார் அப்பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் கந்தோரிலே நெடுங்காலம் பெரிய கிளாக்கராக இருந்தவராம். துரைமார் கிழித்தெறிந்த கடிதவுறைகளை, முத்திரைகளின் அழகு கருதி, ஒரு தகரப் பெட்டியிற் சேர்த்து வைத்துவிட்டுக் காலமானாராம். நூற்றுக்கு மேற்பட்ட அவ்வுறைகளிற் சிலவற்றில் விமானத் தபாலுக்குரிய நீலச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கின்றது என எழுதுகின்ற மாணவர், தம் ஐயத்தைக் கேட்கின்றார்: "உறைகள் பழுப்பேறி அழுக்காய்க் கிடக்கின்றன. பின்புறமெங்கும் கறுப்பு மைக் குறிகள். முத்திரைகளை நீரில் ஊறவைத்துப் பெயர்த்துச் சேகரப் புத்தகத்தில் ஒட்டலாம் என எண்ணிப் பன்னிரண்டை ஊறவைத்தும் விட்டேன். மிகுதியையும் அவ்வாறே செய்யலாமா?"

கூடாது. தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து அப்பால் வைத்துவிடுக. முத்திரை சேகரிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் முதலிற் கற்பிக்கப்படும் பாடம் ஊறவைத்தலேயாகும். சாதாரணத் தபாலுக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் விமானத் தபாலின் ஆரம்ப காலத்து உறைகளுக்கு, அதிலும் சிறு சிறு தனியார் கம்பெனிகள் தம் விமானங்களிற் சுமந்து வந்த உறைகளுக்கு, அப்பாடம் சிறிதும் பொருந்தாது. அவற்றில் முத்திரையிலும் பார்க்க அழுக்கே பெறுமதி வாய்ந்தது என்றால் நேயர்கள் நகைப்பார்கள். ஏன் என்பதைச் சொல்வதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கின்றது.

மாத்தளைக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் ஏலமும் விளையும் மலைச்சரிவுகளினிடையே அமைந்தது இரத்தோட்டை. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880ஆம் ஆண்டிலே. அதன்பின் வெளிநாட்டுக் கடிதமொன்று இவ்வூருக்கு வரும் வழி ஏறக்குறைய வரையறுக்கப்பட்டதாயிற்று: கொழும்புத் துறைமுகத்திற் கப்பலிலிருந்து இறங்கும், புகையிரதத்தில் மாத்தளையை அடையும், வீதி வழியாக மலையேறித் தபாற் கந்தோரைச் சேரும், அங்கிருந்து தோட்டத்துத் தபால்காரரின் பையிலே, தேயிலைச் செடிகளுக்கிடையிலான ஒற்றையடிப் பாதையிற் பயணம் செய்து துரையின் மேசையை அடையும். இலண்டனிலிருந்து இவ்வளவுக்கும் இரண்டு வாரங்களுக்கு மேற் செல்லும்.

இந்தியாவிலிருந்து வரும் கடிதத்தின் வழி வேறு. 1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. இரு கரையிலும் புகையிரதம் காத்துநிற்கும். அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலோ, தமிழகத்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர் தொகை பெரிது. இந்த நடைபாதையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்க. விமானமும் பின்னர் அதே கடலைத்தான் கடக்கப்போகின்றது.

விமானத் தபால் எப்பொழுது தோன்றிற்று? 1911ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி அலகாபாத்திலே ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு இளைஞர், ஏறத்தாழ 6,500 கடிதங்களைத் தம் சின்னஞ்சிறு விமானத்தில் ஏற்றி, யமுனையாற்றைக் கடந்து நைனி என்னுமிடத்திற் கொண்டுபோய் இறக்கினார். பறந்த நேரம் கால் மணிக்கும் குறைவு. அரசாங்கத் தபாலை அதிகாரபூர்வமாக விமானத்திற் கொண்டுசென்ற முதற் பயணம் அதுவே என உலகெங்குமுள்ள சேகரிப்போர் கொள்கின்றனர். அவ்வுறைகளிற் குத்தப்பெற்ற விசேடக் குறியில் விமானமும் மலைகளும் காணப்படும். வேடிக்கை என்னவெனில், பறவையிலே தபால் அனுப்பியவர்கள் அதற்கும் முந்தியவர்கள். நியூசிலாந்தின் கிரேட் பாரியர் தீவிலிருந்து புறாக்களின் காலிற் கட்டி அனுப்பிய ஓலைகளுக்கு 1898ஆம் ஆண்டிலேயே தனி முத்திரை அச்சிட்டார்கள். விமானமும் இல்லை, அரசாங்கமும் இல்லை. தனியார் ஒருவர் நடத்திய புறாத் தபாலே அது.

அலகாபாத் நிகழ்ச்சி ஒரு காட்சிதானேயன்றிச் சேவையன்று. ஒழுங்கான சேவை 1929ஆம் ஆண்டிலேயே எம் பக்கத்தை எட்டிப் பார்த்தது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் இம்பீரியல் எயர்வேஸ் கம்பெனியார் இலண்டனிலிருந்து கராச்சிக்குத் தபாலையும் பிரயாணிகளையும் கொண்டுசெல்லத் தொடங்கினர். ஏழு நாட் பயணம்; அதிலும் ஐரோப்பாவின் ஒரு பகுதியைப் புகையிரதத்திற் கடக்கவேண்டியிருந்தது. கராச்சியில் இறங்கிய தபாற் பைகள் அதற்கப்பால் மீண்டும் புகையிரதத்தில் ஊர்ந்தன. வானத்தில் வந்த கடிதம் தரையிறங்கியதும் ஆமையாகிவிடுகின்றதே என்ற குறை எல்லோருக்கும் இருந்தது.

அக்குறையைப் போக்க முன்வந்தது அரசாங்கமன்று. நெவில் வின்சென்ட் என்னும் விமானி, முன்னர் பிரித்தானிய விமானப் படையில் இருந்தவர். இந்தியாவிற் பல ஊர்களுக்கும் விமானத்தைக் கொண்டுசென்று காட்சிப் பறத்தல் நடத்தியவர். அவர் ஒரு திட்டத்தோடு பம்பாய்க்கு வந்தார். அதை ஏற்றுக்கொண்டவர் ஜே. ஆர். டி. டாட்டா, 1929ஆம் ஆண்டிலே இந்தியாவில் முதலாவது இலக்கமிட்ட விமானி அநுமதிப் பத்திரத்தைப் பெற்றவர். குடும்பத் தலைவர் சேர் டொராப்ஜி டாட்டா இதில் அவ்வளவாக நாட்டங் கொள்ளவில்லை. ஜோன் பீட்டர்சன் என்னும் ஆலோசகர் எடுத்துச் சொன்னபின்னரே இணங்கினார். இரண்டு இலட்சம் ரூபா முதல். அரசாங்கத்தார் மானியம் தர மறுத்துவிட்டனர். சுமந்த தபாலின் நிறைக்கு ஏற்பக் கூலி மட்டும் தருவதாக ஒப்பந்தம்.

1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி காலையிலே, கராச்சியின் டிரிக் ரோட் விமானத் தளத்திலிருந்து புஸ் மொத் என்னும் ஒற்றை இயந்திர விமானத்தை ஜே. ஆர். டி. தாமே செலுத்திப் புறப்பட்டார். அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே எண்ணெய் எதிலே வந்தது தெரியுமா? மாட்டு வண்டியிலே! தகரக் குவளைகளிலிருந்து எண்ணெயை ஊற்றி நிரப்பிக்கொண்டு, பிற்பகலிற் பம்பாயின் ஜூஹுவிற் போய் இறங்கினார். அவ்விடத்திலிருந்து தபாலைப் பொறுப்பேற்ற வின்சென்ட் பெல்லாரி வரை சென்று, இருள் சூழ்ந்தமையால் அங்கே இரவு தங்கி, மறுநாட் சென்னையை அடைந்தார். இரவில் வழி காட்ட விளக்கில்லை, வானொலித் தொடர்பில்லை. கீழே தெரியும் புகையிரதப் பாதையும் ஆறும் கடற்கரையுமே வழிகாட்டிகள். ஜூஹு தளமோ கடலோரத்துச் சேற்று நிலம். மழைக்காலத்தில் அது மூழ்கிவிடுமாதலின், கம்பெனி முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்குக் குடிபெயர வேண்டியிருந்தது.

இவ்வளவு சிறிய அமைப்பு முதலாண்டில் 1,60,000 மைல் பறந்து, 155 பிரயாணிகளையும் ஏறத்தாழப் பத்துத் தொன் தபாலையும் சுமந்து, 60,000 ரூபா இலாபமும் ஈட்டிற்று. பத்துத் தொன் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஒவ்வொரு கடிதத்தையும் இறகுபோல் மெல்லிய தாளிலே எழுதிய காலத்துப் பத்துத் தொன் அது என்பதை நினைக்கவேண்டும். இந்தக் கம்பெனியே 1946இல் எயர் இந்தியா ஆகி, 1953இல் அரசுடைமையாகி, 2022ஆம் ஆண்டிலே மீண்டும் டாட்டா நிறுவனத்தார் கைக்கு வந்தது. ஜே. ஆர். டி., தம் எழுபத்தெட்டாவது வயதில், 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி, கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அதே வழியைப் பழைய ஒற்றை இயந்திர விமானமொன்றிற் பறந்து காட்டினார் என்பது இடையிற் சொல்லத் தக்க செய்தி.

இனி இலங்கைக்கு வருவோம். 1932இல் டாட்டா விமானம் சென்னையோடு நின்றுவிட்டது. இலங்கைத் தபால் தலைமன்னார்க் கப்பலிற் கடலைக் கடந்து, சென்னைக்குப் புகையிரதத்திற் சென்று, அங்கே விமானமேறியது. ஆகவே அக்காலத்து 'விமானத் தபால்' என்பது புகையிரதமும் கப்பலும் விமானமும் கலந்த கூட்டாஞ்சோறு. கொழும்பில் விமானத்தை இறக்க ஓர் இடமே பிந்தித்தான் வந்தது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி, சென்னைப் பறத்தற் கழகத்தின் ஆசிரியரான டின்டேல் பிஸ்கோ புஸ் மொத் விமானமொன்றை இரத்மலானையில் இறக்கினார். அத்தளத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. 1938ஆம் ஆண்டு பெப்ரவரி மாத முடிவிலே டாட்டா கம்பெனியாரின் தபால் விமானச் சேவை சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. பேரரசு முழுவதற்குமான விமானத் தபால் ஏற்பாடு அவ்வேளையிலேதான் இப்பக்கத்துக்கு விரிந்தது. இலண்டன் கடிதம் ஏறத்தாழ ஒரு வாரத்திற் கொழும்பை அடையும் நிலை வந்தது. எந்த மக்களின் முன்னோர் திருச்சிச் சீமையிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டுக் கடல் தாண்டிக் காடு தாண்டி மாத்தளையை அடைந்தார்களோ, அந்தத் திருச்சியிலிருந்தே இப்பொழுது விமானம் எழுந்து சில மணி நேரத்திற் கொழும்பில் இறங்கிற்று. அவ்விமானத்திலே அம்மக்களின் கடிதங்கள் அதிகம் இருந்திருக்க மாட்டா; அவர்களுடையவை காசுக் கணக்குப் பார்த்துக் கப்பலிலேயே சென்றன.

இப்பொழுது மாணவரின் தகரப் பெட்டிக்கு மீள்வோம். 1932க்கும் 1938க்கும் இடையில் இலண்டனிலிருந்து இரத்தோட்டைத் தோட்டமொன்றுக்கு வந்த உறை ஒன்று உள்ளதெனக் கொள்வோம். முன்புறத்தில் அரசரின் தலை பொறித்த முத்திரை. அதன்மேல் இலண்டன் தபாற் குறியும் திகதியும். ஒரு மூலையில் நீலச் சீட்டு. அச்சீட்டின் குறுக்கே சில வேளைகளில் இரண்டு தடித்த கோடுகள் அடிக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் அழுக்கென்றே எண்ணுவர். 'இவ்விடத்தோடு விமானப் பயணம் முடிந்தது. இனித் தரைவழி' என்பதே அக்கோடுகளின் பொருள். பின்புறத்தைத் திருப்பினாற் கராச்சிக் குறி இருக்கலாம், சென்னைக் குறி இருக்கலாம், கொழும்புக் குறி இருக்கலாம். அதிர்ஷ்டமிருந்தால் மாத்தளையும் இரத்தோட்டையும் தம் திகதிகளோடு இருக்கும். இத்திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எந்த நாளில் எந்த ஊரைக் கடந்தது, எங்கே ஒரு நாள் தாமதித்தது, பெல்லாரியில் இரவு தங்கிய நாள் எது என்பதெல்லாம் புலப்படும். மழைக்காலத்து உறையாயிற் பூனாவின் கதையும் உள்ளே ஒளிந்திருக்கும்.

முத்திரையைப் பெயர்த்தெடுத்தால் எஞ்சுவது என்ன? இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்ட, எந்தக் கடையிலும் சில ரூபாவுக்கு வாங்கத்தக்க, ஓர் அரசர் தலை. இழந்தது என்ன? உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பயணக் குறிப்பு. டாட்டா கம்பெனியார் தமக்கெனத் தபால் முத்திரை வெளியிடவில்லை. இந்தியாவில் அது அரசாங்கத் தபாற் பகுதியின் தனியுரிமை. ஆகையால் ஒரு கடிதம் அவர்களின் விமானத்திற் பறந்தது என்பதற்கு உறைமேலுள்ள குறிகளும் திகதிகளும் தவிர வேறு சாட்சியில்லை.

வேறு நாடுகளிற் கம்பெனிகள் தாமே முத்திரை அச்சிட்டன. கனடாவிலே 1920களில், புகையிரதமும் வீதியும் எட்டாத வடகாட்டுப் பொற்சுரங்கங்களுக்கு லொறன்டைட், பற்றீசியா எயர்வேஸ், யூக்கொன் எயர்வேஸ், செரி ரெட் என்றிவ்வாறு சிறு கம்பெனிகள் பறந்தன. இரண்டு மூன்று விமானங்களே அவற்றின் முழு ஆஸ்தி. அரசாங்க முத்திரையை உறையின் முன்புறத்திலும், கம்பெனி முத்திரையைப் பின்புறத்திலும் ஒட்டவேண்டும் என்பது அங்கே விதி. முன்பக்க மூலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிகுதியை அடுப்பிலே போட்ட சேகரிப்போர் அக்காலத்திற் பலர். அவர்கள் எரித்த பின்புறத்துக்கே இன்று ஏலத்தில் விலை.

கொலம்பியாவின் கதை இன்னும் சுவையானது. மக்தலேனா ஆற்றிலே நீராவிப் படகு கரையோரத்திலிருந்து உள்நாட்டுக்குச் செல்ல ஒரு வாரத்துக்கு மேலாகும். நீர் வற்றினால் மணற்றிட்டிற் சிக்கி நாட்கணக்கிற் கிடக்கும். 1919ஆம் ஆண்டு டிசம்பரிலே பரன்கீலா நகரத்தில் ஜெர்மானியரும் கொலம்பியரும் சேர்ந்து 'ஸ்காட்டா' என்ற கம்பெனியைத் தொடங்கி, நீரில் இறங்கும் விமானங்களை அந்த ஆற்றின்மேலே பறக்கவிட்டனர். வாரம் நாளாயிற்று. விமானத் தபாலை நடத்தும் உரிமையையே அரசாங்கம் 1931ஆம் ஆண்டு முடியும் வரை அவர்களிடம் விட்டிருந்தது. அவர்கள் தம் முத்திரைகளை வெளிநாடுகளிலும் விற்றார்கள். நாணய மாற்று வித்தியாசத்தால் நட்டம் வராதபடி, எந்த நாட்டில் விற்றதோ அந்த நாட்டின் எழுத்தை முத்திரையின்மேற் பதித்தார்கள். ஜெர்மனிக்கு ஓர் எழுத்து, பிரித்தானியாவுக்கு ஈரெழுத்து என்றவாறு. இத்தகைய உறை ஒன்றிலே இரண்டு தேசங்களின் தபாலும் ஒரு கம்பெனியின் தபாலும் ஒருங்கே நிற்பதைக் காணலாம்.

இங்கே ஓர் அபிப்பிராயத்தைத் துணிந்து கூறுவோம். முதற் பயண உறைகள் என்று விசேடமாகத் தயாரிக்கப்பட்டவை அநேகம். ஒரு புதிய சேவை தொடங்கும் நாளைச் சேகரிப்போர் முன்கூட்டியே அறிந்து, தமக்குத் தாமே முகவரி எழுதி, உள்ளே வெறுந்தாளை வைத்து அனுப்புவார்கள். விமானப் படமும் அழகிய குறியும் அவற்றில் இருக்கும். அவற்றைப் பழிக்க நாம் விரும்பவில்லை. 1938ஆம் ஆண்டு கொழும்புச் சேவைக்கும், 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் 'சீதா தேவி' என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த முதற் பயணத்துக்கும் அத்தகைய உறைகள் ஞாபகச் சின்னங்களே. (எயர் சிலோன் தனியார் கம்பெனியன்று, அரசாங்கத்தது, 1978இல் அது மூடப்பட்டது.) ஆயினும், சேகரிப்பவனுக்காகப் பறந்த உறையிலும், ஒரு தாய் மகனுக்கு எழுதிப் பறந்த உறையே எமக்கு உயர்ந்தது. முன்னது தன்னைக் காட்டிக்கொள்ளவே பிறந்தது. பின்னது ஓர் அவசரத்தைச் சுமந்தது. அனுபவசாலிகளான சேகரிப்போரும் இன்று இதனையே சொல்கின்றனர். சாதாரண உபயோகத்து உறைகள் அரிதாதலின் அவற்றையே தேடுகின்றனர். மாணவரின் பெட்டியில் உள்ளவை அவ்வினத்தைச் சேர்ந்தவை.

யுத்த காலத்து உறைகளும் அப்பெட்டியில் இருக்கக்கூடும். தணிக்கை அதிகாரிகள் திறந்து மீண்டும் ஒட்டிய காகிதப் பட்டியைப் பிய்த்து 'அழகுபடுத்த' வேண்டாம். 1940ஆம் ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டது. இலண்டன் தபால் தென்னாபிரிக்காவின் டேர்பன் வரை கப்பலிற் சுற்றிவந்து, அங்கிருந்து பறக்கும் படகிலே வடக்கே ஏறி, லாடம்போல் வளைந்து எம்மை அடைந்தது. 1943 ஜூலையிலிருந்து காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை ஏரிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே குவான்டாஸ் கம்பெனியார், யப்பானியர் கண்ணிற் படாமல், ஏறத்தாழ முப்பது மணி நேரம் இறங்காமற் பறந்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்களாம்! அது தனி ஒரு கட்டுரைக்குரிய பொருள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும்; இதற்காகவே இக்கடிதத்துக்கு இவ்வளவு இடங் கொடுத்தோம். துரைமாரின் விமானத் தபாலோடு, கிளாக்கர் ஐயாவின் சொந்தக் கடிதங்களும் தோட்டத்துச் சனங்களுடைய கடிதங்களும் அப்பெட்டியின் அடியிற் கிடக்கக்கூடும். முத்திரை மலிவானது; அழகில்லை; விமானம் ஏறியதுமில்லை. அவற்றை ஊறவைக்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, மலைநாட்டுத் தமிழர் 1946ஆம் ஆண்டுக்கு முன்னரே விவாகமானவராயின் ஏழாண்டும், ஆகாதவராயிற் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஆண்டாண்டாக இங்கே உழைத்தவர்கள், 'இருந்தோம்' என்பதற்குக் கடதாசி காட்ட இயலாது கலங்கினார்கள். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கெனவும் 3,00,000 பேர் இலங்கைக்கெனவும் பங்கிடப்பட்டனர். பெயர், தோட்டத்தின் பெயர், தபாற் கந்தோரின் பெயர், ஒரு திகதி ஆகிய நான்கும் பொருந்திய ஒரு சிறு கடிதவுறை, ஒருவர் இன்ன நாளில் இன்ன இடத்தில் இருந்தார் என்பதற்கு அரசாங்கமே தன் கையாற் குத்திய குறிப்பன்றோ? துரையின் உறை விமானத்தின் வரலாற்றைச் சொல்லும். தொழிலாளியின் உறை சொல்வது அவர் குடும்பத்தின் வரலாற்றை. பிந்தியதை வாங்க ஏலக் கடையில் ஆள் இல்லை என்பதனாலேயே வீட்டார் அதைக் காக்கவேண்டியவராகின்றனர்.

சரி, பெட்டியை என்ன செய்வது? இரத்தோட்டையின் மழையும் பனியும் காகிதத்துக்குப் பகை. தகரப் பெட்டி வியர்க்கும்; துருக்கறை படியும். உறைகளை நல்ல வெயிலிலே காயப்போடுவதும் தவறு, மை வெளிறிவிடும். காற்றோட்டமுள்ள நிழலிலே ஒவ்வொன்றாகப் பரப்பி ஈரம் போக்கியபின், அமிலமற்ற காகிதத்தாலான உறைகளிலோ, பொலியெஸ்தர்ப் பைகளிலோ ஒன்றொன்றாக இட்டு, அலுமாரியின் நடுத்தட்டில் நிமிர்த்தி வைக்கலாம். சுவரோரமும் தரையும் ஆகா. சாதாரண மென்பிளாத்திக்குப் பை ஒட்டிக்கொண்டு மையை உறிஞ்சும். ஒட்டும் நாடா கூடவே கூடாது; லமினேற் செய்தலோ உயிரோடு புதைத்தலை ஒக்கும். இராமபாணப் பூச்சி பசையை நாடி வருமாதலால், மாதம் ஒரு முறை திறந்து பார்த்தல் நலம். உறைக்குள்ளே கடிதம் இருக்குமாயின் அதை அதனுள்ளேயே விடுக. உறையைப் பேணிக் கடிதத்தை எறிகின்ற சேகரிப்போரின் பழக்கம் எமக்கு ஒருபோதும் விளங்கியதில்லை.

ஊறவைத்த பன்னிரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவ்வுறைகளின் காகிதம் இன்னமும் குப்பையிற் சேராதிருந்தால் எடுத்து, இரண்டு வெள்ளை உறிஞ்சு தாள்களுக்கிடையே பாரமிட்டு உலர்த்தி, முத்திரையையும் அதற்குரிய உறையையும் ஒரே பையில் வைக்கலாம். மீண்டும் ஒட்ட முயலவேண்டாம். ஒட்டியதைக் கண்டுபிடிப்பது எளிது, அது ஏமாற்றாகவும் கொள்ளப்படும். பின்புறக் குறிகள் கரையாது நிலைத்திருக்குமாயிற் பாதி இழப்புத்தான்.

விற்கும்படி யாரேனும் வீடு தேடி வந்தால், ஒரேயொரு உறையை மட்டும் 'இதற்கு நல்ல விலை' எனப் பொறுக்க விடாதீர்கள். கட்டாக இருக்கும்பொழுதே ஒரு தோட்டத்துக்கு எந்த ஆண்டில் எவ்வழியாற் கடிதம் வந்தது என்பது விளங்கும், பிரிந்தபின் விளங்காது. முதலில் எல்லாவற்றையும் இரு புறமும் படம் பிடித்து, திகதி வரிசையில் ஒரு கொப்பியிற் பதிவு செய்துகொள்க. கொழும்பிலுள்ள தபால் திணைக்களத்தின் முத்திரைப் பணியகத்தையோ, அனுபவமுள்ள சேகரிப்போர் ஒருவருக்கு இருவரையோ கேட்டபின் முடிவு செய்யலாம். அவசரமில்லை, எண்பது ஆண்டு காத்திருந்தவை இன்னும் ஓராண்டு காத்திருக்கும்.

பதிவு செய்யும்போது உறைமீது எதையும் எழுதாமல், ஒரு சிறு துண்டுத் தாளிற் பென்சிலால் எழுதிப் பைக்குள் வைக்கவேண்டும். மை எழுத்து ஈரத்தில் ஊறி உறையைக் கெடுக்கும். அத்துண்டில் எழுத வேண்டியவை அனுப்பிய இடம், சேர்ந்த இடம், இரு திகதிகள், இடையிலுள்ள குறிகள், யாரிடமிருந்து கிடைத்தது என்பன. இவற்றோடு, மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு அறிந்து இன்னொன்றும் எழுதுவாராக. உறைமேலிருப்பது தோட்டத்தின் ஆங்கிலப் பெயர். மலைநாட்டிலோ பெரும்பாலான தோட்டங்களுக்கு எம்மவர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். அப்பெயர் எந்தத் தபாற் குறியிலும் இல்லை. அந்தப் பெயரையும், அத்தோட்டத்துத் தபால்காரரின் பெயர் யாருக்கேனும் நினைவிருந்தால் அதனையும், அதே துண்டிலே எழுதி வைக்க.